மூன்று நிமிஷ நோட்டீஸ்

நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மாடியில் ஒன்பது வருஷம் குடியிருந்த அந்த அம்மாள், வரப்போவதாகச் சொல்லிவிட்டு ஒருநாளும் வந்ததில்லை. கதவு தட்டப்படும். திறந்தால் கையில் ஒரு கிண்ணத்தோடு நிற்பார். "சூடா இருக்கு, இப்பவே சாப்பிடணும்" என்பார். எதிரில் நிற்பவன் வாய் நிறையப் பற்பசை நுரையோடு நிற்கிறானே என்பது அவர் கவனத்துக்கு வராது. வந்த காரியத்தைச் சொல்வார், நம்மிடம் ஒன்றிரண்டு கேட்பார், நாம் பதிலின் இரண்டாவது வாக்கியத்தில் இருக்கும்போதே மாடிப்படி ஏறிவிடுவார்.

மொத்தம் மூன்று நிமிஷம். உத்தேசமாகச் சொல்லவில்லை, கடிகாரம் பார்த்திருக்கிறேன்.

அவர் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் முன்பெல்லாம் நம்பரைப் பதிவு செய்துவிட்டுப் போனின் பக்கத்திலேயே தவம் கிடக்க வேண்டும் என்பது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். இரண்டு மணி நேரம் கழித்து லைன் கிடைக்கும். "மதராஸ் லைன்ல இருக்கு, பேசுங்க" என்று ஒரு பெண் குரல் வரும். மூன்று நிமிஷம் ஆனதும் அதே குரல் குறுக்கே வந்து, முடிந்தது என்று சொல்லும். அந்தக் குரல்களில் ஒன்றுதான் எங்கள் மாடியில் குடியிருந்தது. வருஷக்கணக்கில் தலையில் மாட்டிய ஹெட்போன் அவர் உச்சி வகிட்டுக்குக் குறுக்கே ஒரு பள்ளத்தை உண்டாக்கியிருந்தது. எவ்வளவு எண்ணெய் வைத்து வாரினாலும் அது மறையவில்லை.

நான் அந்தக் காலத்தில் அரசுத் துறை ஒன்றில் நிர்வாகப் பிரிவு சூப்பரின்டென்டென்ட். அதிகாரிகளின் டூர் புரோகிராம்களைச் சரிபார்த்து மேலே அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. புறப்படும் நேரம், சேரும் நேரம், வாகனம், காரணம் ஆகிய நான்கும் எழுத்தில் இல்லாமல் ஓர் அதிகாரி பக்கத்துத் தாலுகாவுக்குக்கூடப் போக முடியாது. போய்விட்டு வந்து அனுமதி கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்குத் தனி விதி, தனிப் படிவம், தனி அவமானம். இருபது வருஷம் இதைச் செய்தவன் வீட்டில் மட்டும் வேறு ஆளாக இருக்க முடியுமா? நானும் மனைவியும் பெங்களூர் மல்லேஸ்வரத்திலேயே இன்னொரு கிராஸுக்கு, அதாவது அடுத்த குறுக்குத் தெருவுக்குப் போவதாக இருந்தாலும் காலையிலேயே முடிவாகிவிடும். கேஸ் குமிழ், தண்ணீர் மோட்டார், பின்கதவுத் தாழ்ப்பாள், குடை, பை, பைக்குள் சீட்டு என்று புறப்படுவதற்கே பதினொரு படிகள் வைத்திருந்தேன். பதினொன்றாவது, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பது.

மாடியில் கதை வேறு. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் கணவர் பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். "கிளம்புங்க" என்று உள்ளிருந்து குரல் வரும். ஐந்து மூன்றுக்கு, மூன்றே நிமிஷத்தில், இருவரும் கேட்டைத் தாண்டியிருப்பார்கள். பேப்பர் அப்படியே அவர் கக்கத்தில் இருக்கும்.

ஒருமுறை கேட்டில் வழிமறித்து, "எங்க சார் புறப்பட்டீங்க?" என்றேன்.

"தெரியாது சார்" என்றார் அவர், பரீட்சை தள்ளிப்போன பையனைப் போன்ற சந்தோஷத்தோடு.

"வீட்டுக்காரம்மா சொல்லலையா?"

"நான் கேக்கலையே."

அந்த அம்மாள் திரும்பிப் பார்த்து, "சூப்ரண்டு சார், எங்க போறோம்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் போகணுமா?" என்றார். போய்விட்டார்கள். திரும்பி வரும்போது கணவர் கையில் ஒரு தேங்காய்த் துருவியும் அந்த அம்மாள் தலையில் கனகாம்பரமும் இருந்தன. அந்தத் துருவியை வாங்க எவ்வளவு தூரம் போனார்களோ.

இதற்கு அந்த அம்மாளிடம் ஒரு சித்தாந்தமே இருந்தது. ஒருநாள் கிண்ணத்தோடு வந்தவர் சொன்னார்: "ஊருக்குப் பேச வர்றவங்கள்ல ரெண்டு ரகம் சார். பேச வேண்டியதை ஒண்ணு, ரெண்டுன்னு சீட்டுல எழுதி வெச்சிருப்பாங்க சில பேர். லைன் குடுப்பேன். சீட்டை எடுப்பாங்க. கண்ணாடியைத் தேடுவாங்க. 'மொதல்ல எல்லாரும் சௌக்கியமா'ம்பாங்க. மூணு நிமிஷம் முடிஞ்சுடும். எதுவும் எழுதாதவன், லைன் வந்ததும் 'அம்மா, எனக்கு வேலை கெடைச்சிடுச்சு'ன்னு கத்திட்டு அழுவான். பேசினது யாரு, சொல்லுங்க?"

"ஆபரேட்டர் ஒட்டுக்கேட்கக் கூடாது என்று விதி இருக்குமே?" என்றேன்.

"விதி இருக்கு. காதும் இருக்கே" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

என் மனைவி வசந்தாவுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். "அக்கா வந்துட்டுப் போனா ஃபேன் போட்ட மாதிரி இருக்கு" என்பாள். அவர்களைப் போல் நாமும் ஒருநாள் போகலாமே என்று அவள் கேட்டதுண்டு. வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நானும் சொன்னதுண்டு.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம், எட்டாவது கிராஸ் நடைபாதையில் வசந்தா விழுந்துவிட்டாள். மழை நாள். பிளாட்பாரக் கல் ஒன்று ஒரு பக்கம் மிதித்தால் மறுபக்கம் தூக்கும் வகையைச் சேர்ந்தது. கணுக்கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த டாக்டர், "எலும்பு கூடியாச்சு, இனி தாராளமா நடக்கலாம்" என்றார். வீட்டுக்குள் நன்றாக நடந்தாள். மாடிப்படிகூட ஏறினாள். கேட்டுக்கு வெளியே மட்டும் காலை வைக்கவில்லை.

வலி காரணமில்லை. நடுத்தெருவில் விழுந்து கிடந்ததும், இருபது பேர் வட்டமாக நின்று பார்த்ததும், யாரோ "பாப, பாப" என்று கன்னடத்தில் பாவப்பட்டதும் அவளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. நாற்பத்தாறு வயதுப் பெண்பிள்ளை, ஒரு பள்ளிக்கூடத்தின் தையல் டீச்சர், மாணவிகள் போய்வரும் தெருவில் அப்படிக் கிடந்தோமே என்ற எண்ணம். காய்கறி வாங்கும் வேலை எனக்கு வந்தது. நான் வாங்கி வந்த கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நறுக்குவாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்த காலம் அதுதான்.

நான் சும்மா இருக்கவில்லை. மூன்று புரோகிராம்கள் போட்டேன். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் புறப்பாடு, ஆட்டோ முன்பதிவு, போகும் வழியில் மேடு பள்ளங்கள் எவை என்ற குறிப்புடன். காலையில் சரி என்பாள். மத்தியானம் சாப்பாடு இறங்காது. மூன்று மணிக்குத் தலைவலி வரும். நான்கரைக்கு, "ஆட்டோவை அனுப்பிடுங்க" என்பாள். மூன்றும் இப்படியே ரத்தாயின.

பள்ளிக்கூடத்தில் நல்லவர்கள். தசரா விடுமுறை முடிந்து திங்கட்கிழமை திறக்கும்வரை அவள் இடத்தை வைத்திருப்பதாகவும், அதற்குமேல் வேறு ஆள் போட வேண்டியிருக்கும் என்றும் தலைமையாசிரியை சொல்லி அனுப்பியிருந்தார். வசந்தா இரண்டு நாள் யோசித்தாள். புதன்கிழமை சாயங்காலம், "ராஜினாமா லெட்டர் எழுதிக் குடுங்க. சனிக்கிழமை கொண்டுபோய்க் குடுத்துடுங்க" என்றாள்.

நான் எழுதினேன். கடிதம் எழுதச் சொன்னால் எழுதிவிடுவது என் வியாதி. மூன்று பத்தி. காரணம், நன்றி, விடுவிக்க வேண்டுகோள். டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது கதவு தட்டப்பட்டது. மாடியம்மாள் கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டு, மெஷினிலிருந்த காகிதத்தைத் தலையைச் சாய்த்துப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். ஒரு குத்தம் சொல்ல முடியாது" என்றார். அந்தமுறை மூன்று நிமிஷம்கூட நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். கடிதம் கையெழுத்துக்காக மேஜை மேல் ஒரு கண்ணாடிக் குண்டின் அடியில் இருந்தது. வசந்தா சமையலறையில் இருந்தாள். நான் வேட்டியும், ஒரு பொத்தான் இடம் மாறிப் போட்ட பழைய சட்டையுமாக உட்கார்ந்திருந்தேன். கதவு தட்டப்பட்டது. கையில் கிண்ணமில்லை, ஒரு துண்டுத் துணி.

"வசந்தா, இது பச்சையா நீலமா?"

"மயில் கழுத்துக்கா" என்றாள் வசந்தா, கையைத் துடைத்துக்கொண்டே.

"எங்க வீட்டுக்காரர் பச்சைங்கறார். நாளைக்குக் காலையில ஒரு கல்யாணம். ஜாக்கெட் தையல் விட்டுப்போச்சு, நூல் வேணும்."

"இவரை அனுப்பறேன்."

மாடியம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாரையா? செவப்பு நூல் கேட்டா காவி நூல் வாங்கிட்டு வந்தாரே, அவரையா?"

"அது செங்கல் சிவப்பு" என்றேன்.

"வெளிச்சத்துல ஒரு தடவை பாத்துச் சொல்லு, வா" என்று வசந்தாவின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். வாசல், படி, கேட். வசந்தா துணியை வெயிலுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். துணியைப் பார்த்தால் அவளுக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும். கேட்டுக்கு வெளியே ஓர் ஆட்டோ என்ஜின் ஓடியபடி நின்றது.

"ஏறு."

"அக்கா, நான்..."

"கடையைச் சாத்திடுவான். நீ பாத்து வாங்கினாத்தான் சரியா இருக்கும். சார், நீங்களும் ஏறுங்க. சாவியைக் குடுங்க."

நான் ஏறினேன். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. காலில் குளியலறை ரப்பர் செருப்பு. நல்லவேளையாகச் சட்டைப் பையில் காய்கறிப் பணம் இருந்தது.

"அடுப்புல கேஸ்..." என்றேன்.

"நான் மூடறேன்."

"பின்கதவு..."

"சார்" என்றார் அந்த அம்மாள், எக்ஸ்சேஞ்ச் குரலில். "லைன் வந்தாச்சு. பேசுங்க."

ஆட்டோ நகர்ந்தது. அவர் ஏறவில்லை என்பதே சம்பிகே ரோட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வசந்தா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது. திரும்பச் சொல்லுவாள், எந்த இடத்தில் சொல்லுவாள் என்று நான் ஒவ்வொரு கிராஸாக எண்ணிக்கொண்டிருந்தேன். சொல்ல அவளுக்கு அவகாசமில்லை. பயப்படுவதற்கும் ஒரு தயாரிப்பு வேண்டியிருக்கிறது; அதற்கான முற்பகல் முழுதும் அன்று அவளுக்குக் கொடுக்கப்படவில்லை.

எட்டாவது கிராஸில் நூல் கடைக்கு நேர் எதிரே ஆட்டோ நின்றது. அவள் இறங்கவில்லை. நான் ஓர் உரை தயாரிக்க ஆரம்பித்தேன். அதற்குள் டிரைவர் திரும்பி, "இறங்கறீங்களாம்மா, இல்ல துணியை நான் எடுத்துட்டுப் போய்க் கேக்கட்டுமா? எனக்கும் கலர் தெரியாது, முன்னாடியே சொல்லிடறேன்" என்றார். வசந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே காலைக் கீழே வைத்தாள்.

கடைக்காரர் கன்னடக்காரர். "கூத்கொள்ளி அம்மா" என்று ஒரு ஸ்டூலைத் துடைத்து வாசலிலேயே போட்டார். அந்தக் கடையில் ஸ்டூல் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஆறு நூல்கண்டுகளை எடுத்து வைத்தார். வசந்தா ஒவ்வொன்றிலும் ஒரு முழம் உருவி, விரலில் சுற்றி, துணிமேல் வைத்துப் பார்த்தாள்.

"இது டியூப் லைட்ல சேரும். பகல்ல காட்டிக்குடுத்துடும்."

"அதே கலர்தாம்மா."

"இல்லீங்க, வாங்க காட்டறேன்" என்று எழுந்து, கடையை விட்டு இறங்கி, நடைபாதைக்கு நடுவில் போய் நின்று நூலை வெளிச்சத்தில் பிடித்தாள். சுற்றிலும் கூட்டம். கொய்யாப்பழ வண்டி அவள் முந்தானையை உரசிக்கொண்டு போனது. எங்கே நிற்கிறாள் என்பது அவளுக்கே தெரியவில்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். கடைக்காரரும் அடக்கிக்கொண்டு நின்ற மாதிரிதான் பட்டது. நூலைப் பற்றிய கவலை என்று எடுத்துக்கொண்டேன்.

ஏழாவது கண்டு சரியாக இருந்தது. வாங்கிய பிறகு அவள் கண் பொத்தான் பெட்டிக்குப் போனது. சிப்பிப் பொத்தான் ஒரு டஜன். பிறகு ஒரு கஜம் லேஸ். எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.

"பை எங்கேங்க?"

"பை இல்லை."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முதல் தடவையாக என் ரப்பர் செருப்பைப் பார்த்தாள், இடம் மாறிய பொத்தானைப் பார்த்தாள். "பையில்லாம வந்தீங்களா? நீங்களா?" என்றவள், அந்தக் கூட்டத்தில் நின்றபடியே என் சட்டைப் பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். நூலும் லேஸும் என் சட்டைப் பைக்குள் போயின. பொத்தான் பொட்டலத்தை நான் கையில் பிடித்துக்கொண்டேன்.

நெய் வாசனை வந்தது. ஒப்பட்டு போடும் கடை ஒன்று நாலு கடை தள்ளி இருந்தது. பெங்களூர்க்காரர்களின் போளி அது. கல்லிலிருந்து எடுத்ததும் மேலே நெய்யை விட்டு, இலைத் துண்டில் வைத்துக் கொடுப்பார்கள். நின்றுதான் சாப்பிட வேண்டும். ஆனால் எங்களைக் கண்டதும் மாவு பிசைந்துகொண்டிருந்த பெண்மணி எழுந்து, தன் மணையைத் தள்ளி, "கூத்கொள்ளி" என்றார். இந்த ஊரின் நாகரிகம் திடீரென்று உயர்ந்துவிட்டதே என்று எனக்கு ஆச்சரியம். வசந்தா இரண்டு சாப்பிட்டாள். எனக்கு ஒன்றரை, அந்த மீதி அரையும் அவளுக்குப் போனது. நாலு மாதத்தில் அவள் கேட்டுச் சாப்பிட்டது அதுதான்.

அங்கிருந்து பத்தடியில்தான் அந்தக் கல் இருந்தது.

வசந்தா நின்றுவிட்டாள். நெய் பட்ட விரல்களைப் புடவையில் துடைக்கவும் மறந்து நின்றாள். நான் முதுகைத் திருப்பி ஆட்டோ தேட ஆரம்பித்தேன். அப்போது அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்காரி நிமிர்ந்து பார்த்தாள். எங்கள் தமிழ்நாட்டுப் பக்கத்து ஆள்தான், திருப்பத்தூரிலிருந்து வந்தவளாம்.

"ஏம்மா, மழைக்காலத்துல இங்க விழுந்தீங்களே, நீங்கதான?" என்று உரக்கக் கேட்டாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தீர்ந்தது என்று நினைத்தேன்.

வசந்தா மெல்ல, "ஆமாம்" என்றாள்.

"எத்தினி நாளாச்சு! கால் சரியாப்போச்சா? அந்தக் கல்லு இன்னும் அப்பிடியேதான் இருக்கு பாத்துக்கோ. உனக்கப்புறம் பதினோரு பேர் வுழுந்துட்டாங்க. நான் இங்கதான குந்திக்கினு இருக்கேன், எண்ணிக்கினு வர்றேன். ஒரு போலீஸ்காரர்கூட வுழுந்தார். தொப்பி தனியா, அவர் தனியா. ஒருத்தர் வுழுந்து, 'எவன்டா தள்ளினது'ன்னு சண்டைக்கே வந்துட்டார்." பூவை முழம் போட்டுக்கொண்டே அவள் முடித்தாள்: "பொடவை கலையாம வுழுந்தது நீ ஒருத்திதாம்மா. மடிப்பு மடிப்பா இருந்துச்சு. அன்னிக்கே சொன்னேன் இவ புருஷன்கிட்ட, யாரோ டீச்சரம்மாடான்னு." பக்கத்துக் கீரைக்காரியைக் காட்டினாள். கீரைக்காரியும் தலையாட்டினாள்.

வசந்தா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தாமல். "போலீஸ்காரரா?" என்று இரண்டு தடவை கேட்டாள். ஒரு முழம் மல்லிகை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். பிறகு குனிந்து அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு, அதன் மறு ஓரத்தைக் கால் விரலால் அழுத்தினாள். அது 'டொக்' என்று தூக்கியது. "பாருங்க, இப்படித்தான்" என்று எனக்குச் செய்து காட்டினாள்.

நின்றுகொண்டே குடிக்கும் ஓட்டல் ஒன்றில் காபி சொன்னோம். ஒரு காபியை இரண்டு தம்ளரில் பாதிப்பாதி ஊற்றிக் கொடுப்பதை இங்கே பை-டூ என்பார்கள். எங்கள் தெருவில் பை-டூ குடிக்காத தம்பதி நாங்கள்தான். ஒருவருக்கு ஒன்று என்பது என் கொள்கை. அன்று அவளே பை-டூ சொன்னாள். கல்லாவில் இருந்தவர் எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்து வந்து நீட்டினார். "வேணாங்க, நிக்கறேன்" என்றாள் வசந்தா.

காபியை ஊதிக்கொண்டே, "திங்கக்கிழமை மொத பீரியடு ஆறாம் கிளாஸ். நாலு மாசமா அந்தப் பொண்ணுங்க ஊசியைத் தொட்டே இருக்காதுங்க" என்றாள். "இந்தப் பொத்தானை வெச்சு காஜா எடுக்கறதுலேந்து ஆரம்பிக்கணும்."

நான் என் பாதிக் காபியைக் குடித்து முடித்தேன். சில விஷயங்களை வாய்மொழி உத்தரவாகவே ஏற்றுக்கொள்ள வேண்டும்; எழுத்தில் கேட்டால் மாறிவிடும்.

வீட்டுக்கு வந்தபோது மாடியம்மாள் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். வசந்தா நூலை நீட்டினாள். அவர் அதைப் பார்க்காமலே இடுப்பில் செருகிக்கொண்டு, "சரியா இருக்கு" என்றார். "கேஸ் மூடியாச்சு, பின்கதவு சாத்தியாச்சு, பூட்டை மூணு தடவை இழுத்தும் பாத்தாச்சு" என்று சாவியை என் கையில் போட்டுவிட்டுப் போனார். மூன்றாவது விஷயம் அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். கண்ணாடிக் குண்டின் அடியிலிருந்த கடிதத்தை எடுத்து, ஓரத்தில் 'மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதிக் கோப்பில் சேர்த்தேன். இன்னும் இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து ஊக்கு வாங்க நூல் கடைக்குப் போனேன். கடைக்காரர் தனக்குத் தெரிந்த தமிழில், "அம்மா கால் சென்னாகிதியா? நல்லா இருக்கா?" என்று விசாரித்தார். "அந்த மாடி மேடம் முந்தின நாள் வந்து சொல்லிட்டுப் போனாங்க சார். ஸ்டூல் வாசல்ல போடணும். கால் பத்திக் கேக்கக் கூடாது. மொதல்லயே சரியான கலர் எடுத்துக் குடுக்கக் கூடாது, ஆறு தப்புக் கலர் குடுத்துட்டு ஏழாவதுதான் குடுக்கணும்." கொஞ்சம் தயங்கி, "சரியான கலர்ல ரெண்டு கண்டு அவங்களே அன்னிக்கு வாங்கிட்டாங்க" என்றார்.

நான் நேராக மாடிக்குப் போனேன். முன்னறிவிப்பில்லாமல் நான் ஒருவர் வீட்டுக்குப் போனது அதுவே முதல் தடவை. அந்த அம்மாள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். கணவர் பக்கத்தில் பேப்பரோடு.

"அன்றைக்குக் கல்யாணம் இருந்ததா?" என்றேன்.

"முகூர்த்த நாள்தானே. ஊர்ல யாருக்காவது இருந்திருக்கும்."

"ஒப்பட்டுக் கடை மணை? ஓட்டல் ஸ்டூல்?"

"சொல்லி வெச்சேன். ஆட்டோக்காரரையும் பேசி வெச்சேன். என்ன இப்போ?"

"என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் ஒத்துழைத்திருப்பேன்."

"சொல்லியிருந்தா நீங்க பை எடுத்திருப்பீங்க" என்றார். "பையைப் பாத்தா அவளுக்குத் தெரிஞ்சுபோயிருக்கும்."

இருபது வருஷ சர்வீஸில் இவ்வளவு பழுதில்லாத ஒரு டூர் புரோகிராமை நான் பார்த்ததில்லை. காகிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நான் தோற்றதை ஒப்புக்கொள்வதற்குமுன் கடைசியாக ஒன்று கேட்டேன். "பூக்காரியிடமும் சொல்லி வைத்தீர்களா?"

"எந்தப் பூக்காரி?"

நான் சொன்னேன். பதினோரு பேர், போலீஸ்காரர், கலையாத மடிப்பு எல்லாவற்றையும். அவர் அவரைக்காயைக் கீழே வைத்துவிட்டார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. "அந்தக் கல்லு வழியா போகாம ஒப்பட்டுக் கடையிலேயே உங்களை ஏத்தி ஓட்டல்ல எறக்கத்தானே ஆட்டோக்காரர்கிட்ட சொன்னேன்? எங்க போனார் அவர்?" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மூன்று நிமிஷத்துக்கு மேல் அவர் ஒரே விஷயத்தில் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"நான் லைன்தான் சார் குடுப்பேன்" என்றார் கடைசியில், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பேசறது அவங்கதான்."

நான் அவர் கணவரைப் பார்த்தேன். ஐந்து மணிப் புறப்பாடுகள், தேங்காய்த் துருவி எல்லாம் ஞாபகம் வந்தன. "சார், உங்க சாயங்காலங்கள்கூட இப்படித்தானா?"

"எனக்கு எதுவும் தெரியாது சார்" என்றார் அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதனாலதான் நல்லா இருக்கேன்."

அந்த அம்மாளும் ஓய்வு பெற்றதும் அவர்கள் ஓசூருக்கு மகன் வீட்டோடு போனார்கள். ஒரு காலையில் லாரி வந்து நின்றது. வசந்தா ஓடிப்போய், "என்னக்கா இது?" என்று அழுதபோது, "சொன்னா நீ மூணு மாசம் அழுவே" என்றார். வீட்டுக்காரருக்கு மூன்று மாத நோட்டீஸை முறைப்படி எழுத்தில் கொடுத்திருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. எங்களுக்குக் கிடைத்தது மூன்று நிமிஷம். அதில் ஒரு கிண்ணம் கேசரியும் அடக்கம்.

வசந்தா அதன்பின் பத்து வருஷம் பள்ளிக்கூடம் போனாள். நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். முன்கூட்டிச் சொல்லாமல் அவளை வெளியே அழைத்துப் போகும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. மாதத்துக்கு ஒருமுறை. கால் இப்போதும் குளிரில் வலிக்கும் என்பதால், மத்தியானமே பேப்பர் வாங்குகிற சாக்கில் ஒருநடை போய், நூல் கடையில் ஸ்டூல் போடச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். ஐந்து மணிக்கு, அப்போதுதான் தோன்றியது போல, "சும்மா ஒரு சுற்றுப் போய் வரலாமா?" என்பேன். பை எடுப்பதில்லை.

போன வாரமும் அப்படித்தான் கேட்டேன். கூடத்துக்கு வந்து பார்த்தால் வசந்தா புடவை மாற்றிக்கொண்டு, செருப்பு மாட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நூல் கடைக்காரர் போன் பண்ணினார். நீங்க சொல்லிட்டு வந்தப்புறம் ஸ்டூல் கால் உடைஞ்சுபோச்சாம். நாற்காலியா போட்டுடட்டுமான்னு கேட்டார்."

நான் என் செருப்பைத் தேடினேன். "நாற்காலியே போடச் சொல்லிட்டேன்" என்று எழுந்தாள்.

ஐந்து மூன்றுக்கு நாங்கள் கேட்டைத் தாண்டியிருந்தோம்.